கடைசி ரீலில் "நான் போலீஸ்" என்று சொன்னால் கணக்கு தீர்ந்துவிடுமா?

ஒகேனக்கல் ரோடு (இழை தொடங்கியவர்) · பின்னிரவு 1.40

ஓசூரில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறினால் தர்மபுரி வந்து சேரும்வரை செல்போன்தான் எனக்குத் தியேட்டர். இந்த வாரம் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' (2002) மூன்றாவது தடவை பார்த்தேன். ஹாங்காங் படம். போலீஸ்காரன் ஒருவன் கும்பலுக்குள் இருக்கிறான், கும்பல்காரன் ஒருவன் போலீஸுக்குள் இருக்கிறான், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேடுகிறார்கள். இதைத்தான் பிறகு ஸ்கோர்செஸி பாஸ்டனுக்குக் கொண்டுபோய் 'தி டிபார்ட்டட்' (2006) ஆக்கி ஆஸ்கர் வாங்கினார்.

டோனி லியுங் செய்த பாத்திரத்தை மூன்று வருடம் என்று சொல்லித்தான் உள்ளே அனுப்புவார்கள். மூன்று போய் இன்னொரு மூன்று, அப்புறம் இன்னொரு மூன்று. பத்து வருடம் ஆகப்போகிறதே என்று மேலதிகாரியிடம் எரிந்து விழுவான். "ஆறு மாதம் டிரெய்னி, அப்புறம் பர்மனென்ட்" என்று கேட்டுக்கேட்டே நான்கு வருடம் ஓட்டியவன் நான். அந்தக் கோபம் எனக்குச் சப்டைட்டில் இல்லாமலே புரிந்தது.

இப்போது நம் 'போக்கிரி'க்கு (2007) வாருங்கள். படம் முழுக்கக் காசுக்கு ஆள் அடிக்கிறவனாகக் காட்டிவிட்டு, கடைசியில்தான் அவன் சத்தியமூர்த்தி ஐ.பி.எஸ். என்கிறார்கள். தொப்பியை மாட்டியதும் அதுவரை சிந்திய ரத்தமெல்லாம் அரசாங்கக் கணக்கில் போய்விடுகிறது. அவன் போலீஸ் என்பது நமக்கே தெரியாதபோது, சுடும்போது அவன் கை நடுங்கியதா என்று நாம் எப்படிப் பார்ப்பது?

என் கட்சி இதுதான். உள்ளே இருப்பவன் யார் என்பதைப் பார்க்கிறவனிடமே மறைத்தால் ஒரு நல்ல திருப்பம் கிடைக்கும். அதற்கு விலையாக அவன் மனசுக்குள் நடக்கும் சண்டை முழுதும் போய்விடும். தமிழில் நாம் எப்போதும் திருப்பத்தைத்தான் வாங்குகிறோம். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். நாளை எனக்கு வார விடுமுறை, நன்றாகச் சண்டை போடலாம்.

மாங்கா மண்டி, கிருஷ்ணகிரி · காலை 6.15

தம்பி, 2007 பொங்கலுக்குக் கிருஷ்ணகிரியில் அந்தப் படத்தை முதல் நாளே பார்த்தவன் நான். தொப்பி போட்டுக்கொண்டு வந்த அந்த நிமிஷம் தியேட்டரில் காகிதம் பறந்ததில் திரையே தெரியவில்லை. "கை நடுங்கியதா" என்று யாராவது கேட்டிருந்தால் அவரைத் தூக்கி வெளியே போட்டிருப்பார்கள்.

படம் பார்க்கிறவன் காசு கொடுப்பது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். நான்கு மணிக்கு எழுந்து லோடு இறக்கிவிட்டுப் படத்துக்குப் போகிறவன் மனசுக்குள் நடக்கும் சண்டையை எதற்குப் பார்க்கவேண்டும்? அது வீட்டிலேயே இருக்கிறது.

ஒகேனக்கல் ரோடு · காலை 9.30

அண்ணா, நானும் அந்தக் கூட்டத்தில் விசில் அடித்தவன்தான். குறை விசில்மேல் இல்லை. ஐம்பது படம் வந்தால் ஐம்பதிலும் அதே விசில்தானா என்பதுதான் கேள்வி.

ஊத்தங்கரை டீச்சர் · காலை 10.05

"எப்போதும்" என்று எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'குருதிப்புனல்' (1995) என்று ஒரு படம் இருக்கிறதே, மறந்துவிட்டீர்களா? கோவிந்த் நிஹலானியின் இந்திப் படம் 'துரோகால்' தமிழில் வந்தது. பி.சி.ஸ்ரீராம் இயக்கம். ஒரு பாட்டுகூடக் கிடையாது.

அதில் ரகசியமெல்லாம் ஆரம்பத்திலேயே நம் கைக்கு வந்துவிடுகிறது. கூட்டத்துக்குள் போலீஸ் ஆள் இருப்பது நமக்குத் தெரியும். போலீஸுக்குள் இருந்து தகவல் கசிவதும் தெரியும். அப்புறம் ஆதி என்கிற நேர்மையான அதிகாரியே உடைகிறார். பிடிபட்ட தீவிரவாதத் தலைவன் பத்ரி அவரை மடக்குவது பணத்தால் இல்லை, பிள்ளையை வைத்து. அதுவரை பிடிபட்டவனை உட்காரவைத்து "உன் உடையும் புள்ளி எது" என்று தேடிக்கொண்டிருந்தவரிடம், பிடிபட்டவன் அதையே திருப்பித் தேடுகிறான்.

நான் கல்லூரி விடுதியில் வீடியோ கேசட்டில் பார்த்தபோது அவர் செய்தது துரோகம் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னேன். என் மகன் பிறந்த பிறகு டி.வி.யில் திரும்பப் பார்த்தேன். பாதியில் எழுந்துபோய்த் தொட்டிலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இரண்டாவது தடவை எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

முடிவு ஞாபகம் இருக்கிறதா? உள்ளே இருக்கும் தன் ஆளின் வேஷம் கலையாமல் இருக்க, தன்னையே சுடச் சொல்வார். சுடுகிறவனுக்கு அதற்குப் பிறகு எத்தனை நாள் தூக்கம் வந்திருக்கும்? படம் அதைச் சொல்லாமல் முடிந்துவிடுகிறது, எனக்கு அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை.

கூத்துக்காரன் பேரன் · காலை 11.20

டீச்சர் சொன்னதோடு சேர்த்து என் பங்கு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தா பாரதக் கூத்தில் வேஷம் கட்டியவர். நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் ராத்திரி முழுக்கக் கூத்து, கடைசியில் படுகளம். அதில் எனக்குப் பிடித்த ராத்திரி கர்ண மோட்சம். கர்ணனுக்குத் தான் யார் வயிற்றுப் பிள்ளை என்று தெரிந்துவிடுகிறது. எதிரில் நிற்பது சொந்தத் தம்பிகள். வா என்று பெற்றவளே வந்து கூப்பிடுகிறாள். அவன் போகவில்லை. ஏன்? துரியோதனன் போட்ட சோறு. செஞ்சோற்றுக் கடன் என்று நாம் ஒரு வார்த்தை வைத்திருக்கிறோமே, அதுதான். முத்துமாலை அறுந்து சிதறியபோது சந்தேகமே படாமல் "எடுக்கவோ கோக்கவோ" என்று கேட்டவனை எப்படி விட்டுப்போவது? அந்தக் கேள்வியில் இருந்த நம்பிக்கைக்குத்தான் அவன் உயிரைக் கொடுக்கிறான்.

உள்ளே போன போலீஸ்காரன் நிலைமை அப்படியே இதன் மறுபக்கம். அவன் பிறப்பு போலீஸ், சோறு கும்பலுடையது. கர்ணன் சோற்றின் பக்கம் போனான். இவனைப் பிறப்பின் பக்கம் போகச் சொல்கிறது சட்டம்.

'டோனி பிராஸ்கோ' (1997) பார்த்திருக்கிறீர்களா? நடந்த கதையை வைத்து எடுத்தது. ஜோ பிஸ்டோன் என்கிற எஃப்.பி.ஐ. ஆள் டோனி பிராஸ்கோ என்ற பொய்ப் பெயரில் 1976-லிருந்து 1981 வரை நியூயார்க் மாஃபியாவின் பொனானோ குடும்பத்துக்குள் இருந்தார். படத்தில் அவரைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போவது லெஃப்டி என்கிற வயதான அடியாள், அல் பசினோ. பெரிய தாதா ஒன்றும் இல்லை. மேலே போக வழியில்லாமல், டி.வி. முன்னால் உட்கார்ந்து விலங்குகள் படம் பார்க்கிற ஆள். "இவனுக்கு நான் பொறுப்பு" என்று டோனிக்காகச் சொல்லிவிடுகிறான். அந்த உலகத்தில் ஒருவனுக்கு அப்படிப் பொறுப்பு ஏற்றுக்கொண்டால், அவன் தப்பு செய்யும் நாளில் உன் தலை போகும்.

கடைசியில் லெஃப்டிக்கு ஒரு போன் வருகிறது. எதற்கு என்று அவனுக்குத் தெரியும். மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி மேசை இழுப்பறையில் வைக்கிறான். மூடிய இழுப்பறையை மறுபடி கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போகிறான், மனைவி கண்ணில் படட்டும் என்று. இந்தப் பக்கம் போலீஸ்காரனுக்குப் பதக்கமும் ஐந்நூறு டாலர் செக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததற்காகவே அந்த இயக்குநருக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

(நிஜ லெஃப்டி அப்படிச் சாகவில்லை. எஃப்.பி.ஐ. முந்திக்கொண்டு கைது செய்துவிட்டது. ஜெயிலில் இருந்து வெளியே வந்து 1994-இல் புற்றுநோயில் இறந்தார். படத்துக்கு அந்த இழுப்பறைதான் சரி.)

பாப்பாரப்பட்டி பையன் · மதியம் 12.45

நியூயார்க், ஹாங்காங் எல்லாம் சரி. நம் ஊர் ஆம்புலன்ஸை யாரும் சொல்லவில்லையே?

2004 அக்டோபர் 18 ராத்திரி. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் பாடி. எனக்குப் பதினோரு வயது. வெடிச் சத்தம் கேட்டது, தீபாவளி நெருங்கும் நேரம் என்பதால் பட்டாசு என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். விடிந்தால் தர்மபுரி அரசு ஆஸ்பத்திரி முன்னால் திருவிழாக் கூட்டம். வீரப்பனும் கூட இருந்த மூன்று பேரும் உள்ளே.

அதிரடிப்படை சொன்ன விவரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண் சிகிச்சைக்குக் கூட்டிப்போகிறோம் என்று நம்பவைத்து, காட்டிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்த வண்டி அது. ஓட்டியவர் போலீஸ். சாலை மறிக்கப்பட்டிருந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார், அப்புறம் துப்பாக்கிச் சூடு. அந்த விவரத்தைச் சந்தேகப்பட்டவர்களும் உண்டு, அந்தச் சண்டைக்கு நான் இப்போது போகவில்லை.

நான் யோசிப்பது அந்த வண்டிக்குள் இருந்த நேரத்தைப் பற்றி. பின்னால் நான்கு பேர். பேசிக்கொண்டு வந்திருப்பார்களா? தண்ணீர் கேட்டிருப்பார்களா? ஒருவேளை "தம்பி, மெதுவாகப் போ, ரோடு சரியில்லை" என்று யாராவது சொல்லியிருந்தால்? ஓட்டியவருக்குக் கையில் வியர்வை, கண்ணாடியில் பின்னால் இருப்பவர்களின் முகம். என்னிடம் காசு இருந்தால் அந்த வண்டிக்குள் மட்டும் இரண்டு மணி நேரப் படம் எடுப்பேன். துப்பாக்கிச் சத்தம் வரும் இடத்தில் படம் முடிந்துவிடும்.

(வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊர் என்றதும் இதையே கேட்கிறார்கள். சுப்பிரமணிய சிவா கண்மூடிய ஊரும் இதுதான் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லவேண்டியிருக்கிறது.)

அரூர்க்காரன் · மதியம் 1.30

எல்லோரும் ஒரு விஷயத்தைக் கேட்காமலே ஒத்துக்கொண்டு பேசுகிறீர்கள். போலீஸ் என்றால் நல்ல பக்கம், கும்பல் என்றால் கெட்ட பக்கம், நடுவில் மாட்டிக்கொண்டவன் பாவம் என்று.

வாச்சாத்தி எங்கள் ஊரிலிருந்து பைக்கில் போகும் தூரம். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து போய்ச் சூறையாடி, பெண்களைச் சீரழித்த ஊர். வழக்கில் 269 பேர். 2011-இல் தீர்ப்பு வந்தபோது உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று சொன்னது கோர்ட். 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த ஊரில் ஒரு வீட்டில் உட்கார்ந்து "கடைசியில் அவன் போலீஸ் என்று தெரியும்" என்று கதை சொல்லிப் பாருங்கள். விசில் வராது, கதவைச் சாத்துவார்கள்.

அதனால்தான் தொப்பி போட்டதும் கழுவிவிடும் படங்கள்மேல் எனக்குக் கோபம். டீச்சர் சொன்ன படத்திலும் பத்ரிக்கு ஒரு நியாயம் இருப்பதுபோல் காட்டிவிட்டு, அவனுக்கு யார் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் கனம் இருந்தால்தானே நடுவில் இருப்பவன் கிழிவான்? ஒரு தட்டு காலியாக இருந்தால் அது தராசே இல்லை.

மாங்கா மண்டி, கிருஷ்ணகிரி · மதியம் 1.50

அரூர்க்காரரே, இதற்கு என்னிடம் பதில் இல்லை. காலையில் விளையாட்டாக எழுதினேன்.

ரிட்டயர்டு ஏட்டு · மாலை 5.10

தம்பிகளா, டீச்சரம்மா, வணக்கம். இந்த இழையைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. வாச்சாத்தி பற்றி எழுதியவரிடம் எனக்குச் சண்டை இல்லை. அந்தச் சட்டையைப் போட்டவன் என்கிற முறையில் தலை குனிந்துதான் படித்தேன்.

படத்தில் வருகிற மாதிரி வருடக்கணக்கில் வேஷம் போட்ட ஆளை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. மப்டியில் போவோம், இரண்டு நாள், மூன்று நாள், அவ்வளவுதான். உண்மையில் உள்ளே இருப்பவன் போலீஸ்காரன் இல்லை, தகவல் சொல்கிறவன். இன்பார்மர். அவனைப் பற்றி யார் படம் எடுக்கிறார்கள்? எடுத்தாலும் இரண்டாவது சீனில் கழுத்தை அறுத்துப் போட்டுவிடுவார்கள்.

தொண்ணூறுகளில் ஒரு ஸ்டேஷன். பேர் வேண்டாம். மலையடிவாரத்தில் ஊறல் போட்டு, காய்ச்சிய சாராயத்தை லாரி டியூப்பில் அடைத்து இறக்குவார்கள். அவர்களுக்கு வேலம்பட்டை வெட்டிக் கொடுக்கிற ஒருவன்மேல் பழைய கேஸ் ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் அவனை வளைத்தோம். காய்ச்சுகிறவன் அவனுக்கு மச்சான். தினமும் ராத்திரிச் சாப்பாடு மச்சான் வீட்டில். சாப்பிட்ட கை காய்வதற்குள் என்னிடம் வந்து சொல்வான். எத்தனை பானை, எந்த ஓடை, எப்போது இறக்குகிறார்கள். சொல்லி முடித்ததும் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருப்பான். அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை. இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

தகவல் எங்கிருந்து வந்தது என்று போலீஸ்காரனை யாரும் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 125-ஆம் பிரிவு. கோர்ட்டிலேயே சொல்ல வேண்டாம். அவனிடம் அதைத்தான் சொல்லித் தைரியம் கொடுத்தேன்.

ரெய்டு நன்றாக முடிந்தது. எனக்கு மேலிடத்தில் பாராட்டு. ஒரு வாரம் கழித்து பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவனைப் பார்த்தேன். சந்தோஷத்தில் தோளில் கை போட்டு, "வாப்பா, வடை சாப்பிடு" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அவன் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறள், 590. ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் ரகசியத்தை நீயே வெளியே போட்டவன் ஆவாய் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. ஒரு வடையில் அதை மறந்தேன்.

அவனை யாரும் அடிக்கவில்லை. அடுத்த மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இலை போடாமல் தாண்டிப் போயிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

மாங்கா மண்டி, கிருஷ்ணகிரி · மாலை 5.40

ஐயா, அப்புறம் அவர் என்ன ஆனார்? அந்தப் பழைய கேஸையாவது எடுத்துவிட்டீர்களா?

ரிட்டயர்டு ஏட்டு · மாலை 6.05

குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டான் என்று கேள்வி. கேஸ் அதற்குள் கோர்ட்டுக்குப் போயிருந்தது. எடுக்க முடியவில்லை.

ஒகேனக்கல் ரோடு · இரவு 8.20

ஏட்டய்யா எழுதியதைப் படித்துவிட்டு எதுவும் தட்டாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் நான் போட்ட கட்சியை முழுதும் விடவில்லை, ஆனால் இடம் மாறிவிட்டது. பார்க்கிறவனுக்கு ரகசியம் தெரியவேண்டும் என்றேன். தெரிந்தால் மட்டும் போதாது, அவன் யாருடைய சோற்றைச் சாப்பிடுகிறான் என்று காட்டவேண்டும். லெஃப்டிக்கு வீடு, மனைவி, டி.வி. எல்லாம் இருக்கிறது. அதனால் காட்டிக்கொடுப்பது உறுத்துகிறது. 'போக்கிரி' கும்பலில் யாருக்காவது வீடு இருந்ததா?

இன்னொன்று தோன்றியது. இந்த மாதிரிக் கதைகளில் அவன் போலீஸ் என்பதை அறிந்த ஒரே ஒருவர் இருப்பார், அவரும் செத்துப்போவார். ஹாங்காங் படத்தில் அதிகாரியைக் கட்டடத்திலிருந்து தள்ளிவிடுகிறார்கள், அவன் பெயர் இருந்த கோப்பைப் போலீஸுக்குள் இருப்பவன் அழித்துவிடுகிறான். நம் 'பில்லா'விலும் (1980) அதேதான். டி.எஸ்.பி. செத்ததும், பில்லா வேஷத்தில் உள்ளே போன ராஜப்பா பில்லா இல்லை என்று சொல்ல ஆள் இல்லை. இத்தனை நாள் இதை வெறும் பரபரப்புக்கான உத்தி என்று நினைத்தேன். திருப்பூர் போனவருக்கு ஏட்டய்யா உயிரோடுதான் இருந்தார், அதனால் ஒன்றும் மாறவில்லை.

ஊத்தங்கரை டீச்சர் · இரவு 8.45

ஏட்டு சார், ஒன்று கேட்கலாமா? அந்த மனிதர் உங்களைப் பிறகு எங்காவது பார்த்தாரா?

ரிட்டயர்டு ஏட்டு · இரவு 9.00

ஒரு தடவை, சேலம் பஸ் ஸ்டாண்டில். நான் பார்த்தேன். அவனும் பார்த்தான். இந்தத் தடவை நான் கூப்பிடவில்லை.

கூத்துக்காரன் பேரன் · இரவு 9.30

வைகாசியில் எங்கள் ஊரில் பதினெட்டு நாள் பாரதம். கர்ண மோட்சம் எந்த ராத்திரி என்று தேதி முடிவானதும் இங்கே போடுகிறேன். கர்ணன் மனைவி பொன்னுருவியாக வேஷம் கட்டுகிறவர் இந்தப் பக்கத்திலேயே நல்ல ஆட்டக்காரர். பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிந்துதான் முடியும். போர்வை கொண்டு வாருங்கள். ஏட்டய்யா, நீங்கள் அவசியம் வரவேண்டும். எங்கள் வீட்டில் சாப்பாடு.

மாங்கா மண்டி, கிருஷ்ணகிரி · இரவு 9.50

வைகாசியில் மண்டியை விட்டு நான் எங்கே நகர்வது? மல்கோவா ஒரு கூடை அனுப்புகிறேன், எல்லோருமாகச் சாப்பிடுங்கள். யாராவது அந்த இழுப்பறைப் படம் எதில் பார்க்கலாம் என்று சொல்லுங்கள், தமிழ் டப்பிங் இருந்தால் நல்லது.